கசியும் கம்ப்ரசர்: பழைய மகிழுந்துகளில் குளிர்பதனத்தின் வரலாறு

மகிழுந்துக் குளிர்பதன அமுக்கி என்பது எஞ்சினின் சுழற்சியைப் பெல்ட் வழியாகப் பெற்று, குளிரூட்டும் வளிமத்தை அழுத்திச் சுழலவிடும் இயந்திரம். பட்டறை வழக்கில் இதற்குக் ‘கம்ப்ரசர்’ என்றே பெயர். உள்ளே ஓடும் வளிமத்துக்கு எல்லா ஊரிலும் ‘கேஸ்’. ஏசி குளிரவில்லை என்று பட்டறைக்குப் போனால் முதலில் கேட்கும் சொல் “கேஸ் இறங்கிடுச்சு” என்பதாகவே இருக்கும். இறங்கிய கேஸ் எங்கே போயிற்று என்று எழுபதுகள் வரை யாரும் கேட்கவில்லை. அந்தக் கேள்வி எழுந்த பிறகுதான் பழைய கார்களின் கம்ப்ரசர் கசிவு, பட்டறைச் சிக்கல் என்ற நிலையிலிருந்து உலக நாடுகள் மேசையில் பேசும் பொருளாக மாறியது. அந்த வரலாற்றையும், உப்புக்காற்று வீசும் தூத்துக்குடி போன்ற கடற்கரை ஊர்களில் இன்று ஒரு பழைய காரின் கம்ப்ரசரைச் சரிசெய்வதா மாற்றுவதா என்ற கேள்வியையும் இக்கட்டுரை விளக்குகிறது.

கசிவு எங்கே தோன்றுகிறது

வீட்டுக் குளிர்பதனப் பெட்டியின் கம்ப்ரசர் இருபது ஆண்டுகள் கேஸ் நிரப்பாமலே ஓடக்கூடும். காரின் கம்ப்ரசர் அப்படி ஓடுவது அரிது. காரணம் எளியது. வீட்டுப் பெட்டியில் மின்மோட்டாரும் அமுக்கியும் ஒரே இரும்புக் கூட்டுக்குள் வைத்துப் பற்றவைக்கப்பட்டிருக்கும். வெளியே வருவது மின்கம்பி மட்டுமே. காரிலோ ஆற்றல் எஞ்சினிலிருந்து வருகிறது. அமுக்கியின் சுழல்தண்டு கூட்டைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்து கப்பியோடு இணைய வேண்டும். சுழலும் தண்டுக்கும் அசையாத கூட்டுக்கும் இடையே இடைவெளி இல்லாமல் இருக்க முடியாது. அந்த இடைவெளியை அடைப்பதுதான் தண்டு சீல்.

தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்தில் விசைப்படகு பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. படகின் எஞ்சின் உள்ளே, சுழல்விசிறி வெளியே. இரண்டையும் இணைக்கும் தண்டு அடிப்பகுதியைத் துளைத்துக்கொண்டு கடலுக்குள் போகிறது. அந்தத் துளை வழியே கடல்நீர் உள்ளே வராமலிருக்கத் தண்டைச் சுற்றி மசகு ஏறிய கயிற்றைத் திணித்து இறுக்குவார்கள். அதையும் மிக இறுக்கமாக அடைப்பதில்லை. சொட்டுச்சொட்டாக நீர் கசிவது தண்டைக் குளிர்விக்கும் என்று விட்டுவிடுவார்கள். படகில் சொட்டு நீரை இறைத்துவிடலாம். கார் ஏசியில் அந்தச் சலுகை இல்லை. பழைய கார்களின் அமைப்பில் மொத்தமாக இருப்பதே ஒன்று அல்லது ஒன்றரைக் கிலோ வளிமம்தான்.

ஆகவே கார் கம்ப்ரசரில் கயிற்றுக்குப் பதிலாக, கண்ணாடி போல் மெருகேற்றிய இரண்டு வளையங்கள் வந்தன. ஒன்று கரி வளையம், மற்றொன்று எஃகு அல்லது பீங்கான். தண்டோடு சுழல்வது ஒன்று, கூட்டோடு நிற்பது மற்றொன்று. ஒரு சுருள்வில் இரண்டையும் சேர்த்து அழுத்தும். இவற்றுக்கு நடுவே மெல்லிய எண்ணெய்ப் படலம் இருக்கும்வரை வளிமம் வெளியேறாது. காரை மாதக்கணக்கில் ஓட்டாமல் நிறுத்திவைத்தால் எண்ணெய் வழிந்து கீழே இறங்கிவிடும், வளையங்கள் உலரும், அடுத்த முறை ஏசியைப் போட்டதும் உலர்ந்த முகங்கள் உராய்ந்து கீறல் விழும். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் வாடகைக் காரைவிட, போர்வை போர்த்திப் பத்திரமாக வைத்திருக்கும் பழைய காரின் கம்ப்ரசர் முதலில் கசிவது இதனால்தான்.

மணமில்லாத வளிமம்

1833இல் அமெரிக்காவின் பாஸ்டனிலிருந்து ஏரிப் பனிக்கட்டி கப்பலேறிக் கல்கத்தா வந்தது. சென்னைக் கடற்கரையில் இன்றும் நிற்கும் ஐஸ் ஹவுஸ் அந்த வணிகத்தின் மிச்சம். 1934இல் பிராண்டியர் மெயில் ரயிலில் பெட்டியைக் குளிர்விக்கப் பனிக்கட்டிப் பாளங்களையே பயன்படுத்தினர். கையோடு குளிரைச் சுமந்து செல்வதைவிடக் குளிரை இயந்திரத்தால் உண்டாக்குவது மலிவு என்றாலும், அந்த இயந்திரங்களுக்குள் ஓடிய வளிமங்கள் அஞ்சத்தக்கவை. அமோனியா, கந்தக டைஆக்சைடு, மெத்தில் குளோரைடு ஆகியவை கசிந்து 1920களில் அமெரிக்க வீடுகளில் மரணங்கள் நேர்ந்தன.

இதற்கு மாற்றுத் தேடியவர் ஜெனரல் மோட்டார்ஸைச் சேர்ந்த தாமஸ் மிட்ஜ்லி. 1928இல் அவரும் உடன் பணியாற்றியவர்களும் டைகுளோரோடைபுளோரோமீத்தேன் என்ற சேர்மத்தைத் தேர்ந்தெடுத்தனர். அதுவே பிற்காலத்தில் ஆர்-12 அல்லது பிரியான்-12. 1930இல் அமெரிக்க வேதியியல் கழகக் கூட்டத்தில் மிட்ஜ்லி அந்த வளிமத்தை மூச்சில் இழுத்து, எரிந்துகொண்டிருந்த மெழுகுவர்த்தியின் மேல் ஊதி அணைத்துக் காட்டினார். நஞ்சல்ல, எரியாது என்ற இரண்டையும் ஒரே மூச்சில் மெய்ப்பித்த செயல் அது. பெட்ரோலில் ஈயத்தைக் கலக்கும் முறையைக் கண்டவரும் இவரே என்பதால், இருபதாம் நூற்றாண்டின் காற்றை இவர் அளவுக்கு மாற்றிய தனிமனிதர் வேறு உண்டா என்ற கேள்வி அடிக்கடி எழுவதுண்டு.

ஆர்-12க்கு மணம் கிடையாது. மீன்பிடித் துறைமுகங்களை ஒட்டியுள்ள ஐஸ் ஆலைகளில் அமோனியா துளி கசிந்தாலும் மூக்கு சொல்லிவிடும். ஆட்கள் ஓடிவந்து வால்வை மூடுவார்கள். ஆர்-12 கசிந்தால் யாருக்கும் தெரியாது. கார் குளிரவில்லை என்று தெரியும்போது கேஸ் பெரும்பகுதி போய்விட்டிருக்கும். மீண்டும் நிரப்புவது மலிவாக இருந்ததால் கசிவைத் தேடாமல் ஆண்டுதோறும் ‘கேஸ் அடிப்பது’ உலகம் முழுவதும் பழக்கமாயிற்று. மிட்ஜ்லி பாதுகாப்பு என்று காட்டிய குணம்தான் இந்த அலட்சியத்துக்கும் இடம்கொடுத்தது.

பாக்கார்டு முதல் அம்பாசடர் வரை

ஆலையிலேயே குளிர்பதனம் பொருத்தப்பட்ட முதல் மகிழுந்து அமெரிக்காவின் பாக்கார்டு. 1939இல் காட்சிக்கு வைக்கப்பட்டு 1940 மாடலாக விற்பனைக்கு வந்தது. கூடுதல் விலை 274 டாலர். குளிர்விக்கும் காயில் பின்பக்க டிக்கியில் இருந்ததால் பெட்டி வைக்க இடம் குறைந்தது. கம்ப்ரசரில் கிளட்ச் இல்லை. ஏசி வேண்டாமென்றால் எஞ்சினை நிறுத்தி, இறங்கி, பானெட்டைத் திறந்து பெல்ட்டைக் கழற்ற வேண்டும். இந்த ஏற்பாடு நீடிக்காததில் வியப்பில்லை.

போருக்குப் பின் 1954இல் நாஷ் நிறுவனம் எல்லா உறுப்புகளையும் முன்பக்கத்திலேயே அடக்கிய முறையைக் கொண்டுவந்தது. மின்காந்தக் கிளட்ச் வந்தபின் ஒரு பொத்தானால் கம்ப்ரசரை இணைக்கவும் விலக்கவும் முடிந்தது. அந்த நாஷ் காரின் பெயர் அம்பாசடர். 1968இல் அதே பெயரைத் தொடர்ந்த அமெரிக்க அம்பாசடரில் எல்லா வகைகளுக்கும் ஏசி கட்டாய உறுப்பாகவே வந்தது. நம் ஊர் அம்பாசடருக்கும் இதற்கும் பெயரைத் தவிர எந்த உறவும் இல்லை. அந்த ஆண்டில் உத்தர்பாராவில் தயாரான அம்பாசடரில் குளிருக்கு ஒரே வழி, முன்பக்கத்து முக்கோணக் கண்ணாடியைத் திருப்பி வைப்பதுதான்.

இந்தியாவில் ஏசி தாமதமாக வந்ததற்கு விலை மட்டும் காரணமல்ல. அம்பாசடரின் 1,489 சி.சி. எஞ்சின் ஐம்பது குதிரைத்திறன் அளவே தரும். பிரீமியர் பத்மினியின் 1,089 சி.சி. எஞ்சின் அதைவிடக் குறைவு. கம்ப்ரசர் தன் பங்குக்குச் சில குதிரைத்திறனை எடுத்துக்கொண்டால் மேட்டில் ஏறும்போதே ஓட்டுநருக்குத் தெரிந்துவிடும். ரேடியேட்டருக்கு முன்னால் கண்டென்சர் வந்து நின்றால் எஞ்சினுக்குப் போகும் காற்றும் சூடேறும். ஏசி வேண்டியவர்கள் வெளிப்பட்டறைகளில் பொருத்திக்கொண்டனர். டாஷ்போர்டுக்குக் கீழே தொங்கும் பெட்டி, எஞ்சினோடு போல்ட் போட்ட இரும்புத் தாங்கி, அதன்மேல் இரண்டு சிலிண்டர் கொண்ட கம்ப்ரசர் என்பதே அக்கால அமைப்பு. ஒவ்வொரு பட்டறையும் தன் கைப்பட வெட்டி வளைத்த தாங்கி என்பதால் ஒன்றுபோல் மற்றொன்று இருக்காது. இன்று அத்தகைய காரைச் சீரமைப்பவர்கள் முதலில் திணறுவது இதில்தான்.

1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. 1985இல் சுசூகி, ஜப்பானின் டென்சோ ஆகியவற்றின் பங்கோடு சுப்ரோஸ் நிறுவனம் தொடங்கப்பட்டு, கார் ஏசி இந்தியாவிலேயே பெருமளவில் தயாராகத் தொடங்கியது. கான்டெஸ்ஸா, பிரீமியர் 118 என்.இ. போன்றவையும் அதே காலத்தவை. இன்று ‘பழைய கார்’ என்று தேடிப் பாதுகாக்கப்படும் இந்தியக் கார்களில் ஏசியுடன் இருப்பவை பெரும்பாலும் இந்தப் பத்து ஆண்டுகளில் வந்தவை. அவை அனைத்தும் ஆர்-12இல் ஓடியவை.

மேட்டூரும் மாண்ட்ரீலும்

1974இல் மரியோ மோலினாவும் ஷெர்வுட் ரோலண்டும் ஒரு கட்டுரை வெளியிட்டனர். குளோரோபுளோரோகார்பன் வளிமங்கள் கீழ்க் காற்றில் சிதையாமல் மேலே ஏறி, அங்கே புறஊதாக் கதிரால் உடைந்து குளோரின் அணுக்களை விடுவிக்கின்றன. அந்த அணுக்கள் ஓசோனைச் சிதைக்கின்றன என்பது அதன் சாரம். ஆர்-12 காற்றில் ஏறக்குறைய நூறு ஆண்டுகள் நிலைத்திருக்கும். 1985இல் அண்டார்க்டிகாவின் மேல் ஓசோன் மெலிந்திருப்பதைப் பிரிட்டன் ஆய்வாளர்கள் அறிவித்தனர். 1987 செப்டம்பர் 16இல் மாண்ட்ரீல் நெறிமுறை கையெழுத்தானது.

இந்தியா உடனே சேரவில்லை. அதற்கு நியாயம் இருந்தது. இவ்வளவு காலம் பெருமளவில் இவ்வளிமங்களைப் பயன்படுத்தியவை செல்வ நாடுகள். இந்தியக் குடும்பங்களில் மிகச் சிலவற்றிலேயே அப்போது குளிர்பதனப் பெட்டி இருந்தது. மாற்று வளிமத்தின் தொழில்நுட்பமும் அந்நாடுகளிடமே இருந்தது. 1990இல் லண்டனில் நடந்த கூட்டத்தில் அன்றைய சுற்றுச்சூழல் அமைச்சர் மேனகா காந்தி, நிதியும் தொழில்நுட்பமும் கிடைக்காமல் இந்தியா இணையாது என்ற நிலையை எடுத்தார். சீனாவும் அதே பக்கம் நின்றது. பலதரப்பு நிதியம் உருவானது: முதல் மூன்றாண்டுக்கு 16 கோடி டாலர், இந்தியாவும் சீனாவும் சேர்ந்தால் 24 கோடி. 1992 ஜூன் 19இல் இந்தியா நெறிமுறையில் இணைந்தது. சுற்றுச்சூழல் ஒப்பந்தங்களில் ஏழை நாடுகள் இப்படிப் பேரம் பேசி வென்றது அரிதான நிகழ்வு என்றே சொல்லலாம்.

இந்தியாவில் இவ்வளிமங்களைத் தயாரித்தவை நான்கு நிறுவனங்கள். அவற்றுள் ஒன்று மேட்டூரில் இருந்த கெம்பிளாஸ்ட் சன்மார். ஆர்-12இன் குளோரின் கடைசியில் சாதாரண உப்பிலிருந்து வருவது. உப்புக் கரைசலில் மின்சாரம் செலுத்தினால் காஸ்டிக் சோடாவும் குளோரினும் பிரியும். தூத்துக்குடி மாவட்டத்துச் சாகுபுரத்தில் டி.சி.டபிள்யூ. ஆலை செய்வதும் இந்தப் பிரிப்புதான். உப்பளத்தின் குளோரின் ஓசோன் வரை போகக்கூடிய பாதை அவ்வளவு தொலைவானதல்ல.

2000ஆம் ஆண்டின் ஓசோன் விதிகள்படி, புதிய குளிர்பதன, ஏசி சாதனங்கள் தயாரிப்பதில் இவ்வளிமங்கள் 2003 ஜனவரி 1க்குப் பின் தடைசெய்யப்பட்டன. 2008 ஆகஸ்ட் 1 முதல், உலகக் கெடுவுக்குப் பதினேழு மாதங்கள் முன்பாகவே, இந்தியா உற்பத்தியை நிறுத்தியது. ஹைடெகார் என்ற திட்டமும் அதைத் தொடர்ந்த தேசியத் திட்டமும் மெக்கானிக்குகளுக்குக் கேஸை வெளியே விடாமல் மீட்கும் முறையைக் கற்பித்தன. சாலையோரம் கடை வைத்திருந்தவர்களையும் அழைத்துப் பயிற்சி தந்தது அத்திட்டங்களின் சிறப்பு.

சரிசெய்வதா, மாற்றுவதா

ஆர்-12 கிடைக்காத நிலையில், கசியும் பழைய கம்ப்ரசரை என்ன செய்வது? விடை கசிவு எங்கே என்பதைப் பொறுத்தது.

வளிமத்தோடு எண்ணெயும் சேர்ந்தே வெளிவரும் என்பதால் முதல் சான்று எண்ணெய்க் கறை. கிளட்ச்சின் பின்புறமும் அதற்கு நேர் மேலே பானெட்டின் உள்பக்கமும் கறுப்பாகத் தெறித்திருந்தால் தண்டு சீல் போயிருக்கிறது. உடம்பின் இணைப்புகளில் மட்டும் ஈரம் என்றால் சில ஓ-ரிங்குகளோடு வேலை முடியக்கூடும். நைட்ரஜனை ஏற்றிச் சோப்பு நுரை தடவிப் பார்ப்பது நம்பகமான பழைய முறை. அதற்கும் முன்னால் ஹாலைடு விளக்கு என்ற ஒன்று இருந்தது. அதன் குழாய் முனையைக் கசிவருகே காட்டினால் சுடர் பச்சையாக மாறும். சூட்டில் ஆர்-12 உடைந்து சிறிதளவு பாஸ்ஜீன் என்ற நச்சு வளிமம் உண்டாகும் என்பதால் அது வழக்கொழிந்தது நல்லதே. வெற்றிடம் நிற்கிறதா என்று பார்ப்பது மட்டும் போதாது. தண்டு சீல் உள்ளிருந்து வரும் அழுத்தத்தைத் தாங்க அமைந்தது. வெற்றிடத்தில் அடைத்துக்கொண்டு, கேஸ் ஏறியதும் கசிவதுண்டு.

சீல் மட்டும் போயிருந்து, தண்டின் மேற்பரப்பு வழவழப்பாக இருந்தால் சரிசெய்வதே மேல். தண்டில் நகத்துக்குத் தட்டும் பள்ளம் இருந்தால் புதுச் சீலும் சில மாதங்களில் கசியும். உள்ளே உலோகம் தேய்ந்து துகளாகிவிட்டால் கம்ப்ரசரைத் தொட்டுப் பயனில்லை. துகள் கண்டென்சருக்குள்ளும் எக்ஸ்பான்ஷன் வால்வுக்குள்ளும் போயிருக்கும். குழாய்களைக் கழுவி, டிரையரை மாற்றாமல் புதிய கம்ப்ரசர் வைத்தால் அதுவும் அதே வழியில் போகும்.

மாற்றுபவர்கள் பெரும்பாலும் சாண்டன் வகை ஐந்து சிலிண்டர் கம்ப்ரசருக்குப் போகிறார்கள். அறுபதுகளின் ஜெனரல் மோட்டார்ஸ் கம்ப்ரசர் பதினைந்து கிலோ இருந்தது. இது அதில் பாதி. அதிர்வும் குறைவு. பழைய தாங்கியில் அப்படியே உட்காராது. கப்பியின் பள்ளம் எஞ்சின் கப்பியோடு ஒரே கோட்டில் வரும்படி புதுத் தாங்கி செய்ய வேண்டும். கோடு சற்றுப் பிசகினாலும் பெல்ட் தின்னும், தண்டு ஒரு பக்கம் இழுபட்டுச் சீல் மீண்டும் கசியும். அசல் உறுப்பே இருக்க வேண்டும் என்று நினைக்கும் சேகரிப்பாளர்களுக்கு இது உவப்பாக இராது. காட்சிக்கு நிற்கும் கார் என்றால் அவர்கள் பக்கம் நியாயம் உண்டு. மே மாதத்தில் குடும்பத்தோடு ஓட்டும் கார் என்றால் புதுக் கம்ப்ரசரே அறிவுடைமை.

எதைச் செய்தாலும் வளிமம் ஆர்-134ஏ. இது ஓசோனைத் தொடுவதில்லை. ஆனால் பழைய கனிம எண்ணெயோடு கலக்காது. கலக்காத எண்ணெய் குழாய்களில் தங்கிவிட, கம்ப்ரசர் எண்ணெயின்றி இறுகிப்போகும். அதனால் பி.ஏ.ஜி. அல்லது எஸ்டர் எண்ணெய் வேண்டும். இதன் மூலக்கூறு சிறியது என்பதால் பழைய ரப்பர்க் குழாய்களின் சுவர் வழியாகவே வெளியேறும். உள்ளே தடுப்புப் படலம் உள்ள குழாய் தேவை. எடையில் ஆர்-12இன் ஏறக்குறைய 80 விழுக்காடு போதும். கண்டென்சரில் 60 டிகிரி வெப்பம் இருக்கும்போது ஆர்-12 சுமார் 15 பார் அழுத்தம் காட்டும். ஆர்-134ஏ 17 பாரை நெருங்கும். சீலுக்கு அது கூடுதல் சுமை. மலிவு என்று சமையல் எரிவாயு போன்ற ஹைட்ரோகார்பன் கலவைகளை நிரப்புவது பெரும் ஆபத்து. குளிர்விக்கும் காயில் இருப்பது பயணிகளின் முழங்காலுக்கு அருகில். அங்கே கசிந்தால் மூடிய காருக்குள் எரிவளிமம் நிறையும்.

உப்புக்காற்றில்

தூத்துக்குடியைச் சுற்றி முள்ளக்காடு முதல் வேப்பலோடை வரை உப்பளங்கள். உப்பு உற்பத்தியில் குஜராத்துக்கு அடுத்த இடம் தமிழ்நாட்டுக்கு என்றால் அதற்குக் காரணம் இந்தக் கரைதான். சாதாரண உப்புக்கு ஒரு குணம் உண்டு: காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் அது தானே நீரை உறிஞ்சிக் கரைசலாகும். கடற்கரையில் இரவு ஈரப்பதம் அந்த அளவைக் கடப்பது இயல்பு. பகலில் கண்டென்சரின் இடுக்குகளில் ஒட்டிய உப்புத்தூள் இரவில் நனைந்து, மறுநாள் காய்ந்து, மீண்டும் நனைகிறது. அலுமினியத்தின் மேல் இயல்பாக உள்ள ஆக்சைடு படலத்தைக் குளோரைடு துளைக்கும். செப்புக் குழாயில் அலுமினியத் தகடு கோத்த பழைய கண்டென்சர்களில் இரண்டு உலோகமும் உப்புநீரும் சேர்ந்து ஒரு மின்கலமே உருவாகி, அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிரும். தகடு உதிர்ந்தால் வெப்பம் வெளியேறாது, அழுத்தம் ஏறும், கடைசியில் அடி விழுவது கம்ப்ரசரின் சீலுக்கு. கசிவைக் கம்ப்ரசரில் தேடுபவர்கள் காரணத்தைக் கண்டென்சரில் தேட மறப்பது இக்கரையில் எளிதாக நேரும் பிழை.

பி.ஏ.ஜி. எண்ணெய் ஈரத்தை உறிஞ்சுவது. உள்நாட்டில் ஒரு மணிநேரம் மூடி திறந்திருந்தால் நேரும் கேடு, கடற்கரையில் சீக்கிரமே நேரும். குழாய்களைக் கழற்றியதும் இரு முனைகளையும் அடைத்துவைப்பதும், டிரையரைக் கடைசி உறுப்பாகப் பொருத்துவதும் இதனால்தான். உள்ளே போன ஈரத்தை வெற்றிடப் பம்பு மூலம் கொதிக்கவைத்தே எடுக்க வேண்டும். 30 டிகிரியில் நீர் கொதிக்க அழுத்தம் 32 மில்லிமீட்டர் பாதரசத்துக்குக் கீழே இறங்க வேண்டும். வளிமண்டல அழுத்தம் 760. பழைய கம்ப்ரசரையே பம்பாக ஓட்டி ‘காற்றை எடுத்துவிட்டேன்’ என்பது அந்த ஆழத்தை எட்டாது.

இக்கரையில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961இல். சென்னையில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் தயாராகத் தொடங்கியதும் அதே ஆண்டு. ஹெரால்டைத் தேடிப் பாதுகாப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள்; ஏசி இல்லாத அந்தக் கார் இந்தத் தொல்லை எதையும் அறியாது.

ஆர்-134ஏவின் காலமும் எல்லையுடையதே. அது கரியமில வளிமத்தைவிட 1,430 மடங்கு புவியைச் சூடேற்றவல்லது. 2016இல் ருவாண்டாவின் கிகாலியில் மாண்ட்ரீல் நெறிமுறை திருத்தப்பட்டு இவ்வகை வளிமங்களும் குறைப்புப் பட்டியலில் சேர்ந்தன. இந்தியா 2021இல் அதை ஏற்றது. பயன்பாட்டை 2028இல் உறையவைத்து, 2047க்குள் 85 விழுக்காடு குறைக்க வேண்டும். ஐரோப்பாவில் 2017 முதல் புதிய கார்களில் ஆர்-134ஏ இல்லை. அவற்றில் ஆர்-1234ஒய்எஃப் ஓடுகிறது. அது மெல்ல எரியக்கூடியது, விலையும் பன்மடங்கு. ஆர்-12இலிருந்து ஒருமுறை மாற்றப்பட்ட கான்டெஸ்ஸாவோ பத்மினியோ இன்னும் இருபது ஆண்டுகள் ஓடினால், அதன் தண்டு சீல் மூன்றாவது வளிமம் ஒன்றையும் அடைத்துவைக்க வேண்டியிருக்கும்.